இனியா முன்னால் நடந்தாள்

கதிரேசனுக்குத் தன் வீட்டில் ஒருத்தியிடம் பயம். மூன்று வயது முடியாத இனியாதான் அவள். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். உடுமலைப்பேட்டைக்கு வெளியே ஒரு நார் மில்லில் தென்னை மட்டையை அடித்து நாராக்கும் மிஷினில் நிற்பவன் அவன். கொஞ்சம் அசந்தால் கையையே இழுத்துக்கொள்ளும் மிஷின். அதற்கு முன்னால் நடுங்காத கை, இனியாவின் பிஞ்சு விரலைப் பிடிக்கப் போகும்போது நடுங்கும்.

மதிவதனிக்கு இது இரண்டாவது கல்யாணம். முதல் புருஷன் விபத்தில் போனபோது இனியா வயிற்றில் இருந்தாள். கதிரேசனைக் கட்டிக்கொண்டு நாலைந்து மாதம்தான் ஆகிறது. மதிவதனி அவனோடு சிரித்துப் பேசப் பழகிவிட்டாள். குழந்தை பழகவில்லை. அவன் தூக்கினால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கத்துவாள். அவன் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். அப்பா என்றோ மாமா என்றோ எதுவும் சொல்லி அவனைக் கூப்பிட்டதில்லை. அவன் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் சுவரை ஒட்டி நடந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அன்றைக்கு மத்தியானம், மதிவதனி தான் வேலை செய்யும் ஸ்பின்னிங் மில்லிலிருந்து சூப்பர்வைசர் போனில் பேசினாள். வேலை நேரத்தில் மில்லில் எல்லார் போனையும் வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள்.

"ஏனுங்க, இன்னைக்கு ஆளு வல்லீங்க. இன்னும் அரை ஷிஃப்ட் நிக்கச் சொல்லிப்போட்டாங்க. பொழுதோட நீங்க போயி பாப்பாவக் கூட்டிட்டு வந்துர்றீங்களா?"

"எங்கூட வருவாளா மதி?"

"வருவாளுங்க. தூக்க மட்டும் தூக்காதீங்க. நடத்தியே கூட்டிட்டு வாங்க. அவளா நடந்தா வந்துருவா."

வண்டியை எடுக்கவும் அவனுக்குத் தைரியம் வரவில்லை. ஓடும் வண்டியிலிருந்து குழந்தை திமிறிக் குதித்தால் என்ன செய்வது? நடந்தே போனான்.

இனியாவைப் பார்த்துக்கொள்பவர் பால்வாடி ஆயா ராசம்மாள். பால்வாடி மூடிய பிறகு தன் வீட்டிலேயே வைத்திருப்பார். கதிரேசன் போனபோது கைப்பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. மதி போன் பண்ணிச் சொல்லிருச்சு. மடத்துக்குளத்துல ஒறம்பரை ஊட்டு வளைகாப்புங்க, பஸ்ஸப் புடிக்கோணும். கண்ணு, போய்ட்டு வா சாமி."

இனியா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். அவன் நீட்டிய கையைப் பிடிக்கவில்லை. தெருவின் அந்த ஓரத்தில் அவள், இந்த ஓரத்தில் அவன். பரவாயில்லை, நடக்கிறாளே என்று நினைத்துக்கொண்டான்.

பேக்கரி முனை வந்ததும் நின்றாள். மில் வேன் மதிவதனியைத் தினமும் இறக்கிவிடும் இடம் அது. அங்கிருந்துதான் அவள் வந்து குழந்தையை அழைத்துக்கொள்வாள்.

"அம்மா வருவா," என்றாள் இனியா.

"அம்மா இன்னைக்கு லேட்டாத்தான் வருவா கண்ணு. நாம ஊட்டுக்குப் போலாம்."

"அம்மா வருவா." தெருவோரத்துப் புழுதியில் சப்பென்று உட்கார்ந்துவிட்டாள்.

கதிரேசன் குனிந்து கெஞ்சினான். பிறகு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டுக் கெஞ்சினான். பேக்கரியில் ஒரு ஜாம் பன் வாங்கி வந்து காட்டினான். வாங்கி விட்டெறிந்தாள். பல்லி மிட்டாய் வாங்கிக் காட்டினான். ஒன்றே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு மறுபடி வேன் வரும் பக்கமே பார்த்தாள்.

அந்த வாரம் ஊரில் எல்லார் போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. எந்த ஊரில், எந்த வருஷம் எடுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அழுக்குச் சட்டை போட்ட ஒருவன் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிறான். கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். கதிரேசனிடம் இருந்தது பட்டன் போன். நார்த் தூசிக்கு நடுவில் வேறு எதுவும் தாங்காது. அந்த வீடியோவை அவன் பார்க்கவில்லை. தலையிலும் தாடியிலும் செம்பட்டையாகத் தூசி படிய, குளிக்காமல், கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு தான் நிற்பது மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை.

பெரிய வேன் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பியது. இனியா எழுந்து அதை நோக்கி ஓடினாள். கதிரேசன் பாய்ந்து அவளை வாரித் தூக்கினான். வேன் உரசிக்கொண்டு போனது.

"உடு! உடு! அம்மாகிட்டப் போறேன்!" என்று அவள் கத்திய கத்தலில் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் பிரேக் அடித்து நின்றாள். லேப் ஒன்றில் வேலை செய்பவளுக்குரிய வெள்ளைக் கோட்டு கைப்பிடியில் தொங்கியது. அவள் பெயர் தேஜஸ்ரீ என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

"ஏனுங்க, கொழந்த யாருதுங்க?"

எங்கள் குழந்தை என்று சொல்லியிருக்கலாம். அவன் ஒரு நொடி யோசித்தான். இனியாவை அப்படிச் சொல்லத் தனக்கு உரிமை இருக்கிறதா என்ற கூச்சம் அவனுக்கு எப்போதும் உண்டு.

"எம் பொண்டாட்டி கொழந்தைங்க," என்றான்.

"பொண்டாட்டி கொழந்தையா? அப்ப உங்க கொழந்த இல்லீங்களா?"

பேக்கரியிலிருந்து நாலு பேர் டீ கிளாசோடு இறங்கி வந்தார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்தபடி முன்னால் வந்தான். "மொதல்ல கொழந்தைய எறக்கி உடுங்க. அந்தம்மாகிட்டக் குடுங்க."

கதிரேசன் இறக்கிவிட்டான். தேஜஸ்ரீ குழந்தையின் முன்னால் உட்கார்ந்தாள். "அம்மணி, அழுவக் கூடாது. இது யாரு, சொல்லு. அப்பாவா?"

இனியா மூக்கை உறிஞ்சினாள். அவனைப் பார்த்தாள். தலையை இரண்டு பக்கமும் நன்றாக ஆட்டினாள். "இல்ல."

"மாமாவா?"

"இல்ல."

"கேட்டீங்களா?" என்றான் கறுப்புச் சட்டைக்காரன். "டேய், எந்த ஊருடா நீ?"

அதுவரை எல்லார் பேச்சிலும் இருந்த 'ங்க' காணாமல் போனது. கதிரேசன் பிறந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பேச்சோடு வளர்ந்தவன். சண்டைக்கு வருகிறவன்கூட இங்கே ஒரு 'ங்க' போட்டுத்தான் வருவான். அது போய்விட்டால் அடுத்தது கை என்று அவனுக்குத் தெரியும்.

"பக்கத்துலதாங்க, புது சைட்டுல குடியிருக்கறோம். போன வாரந்தான் வந்தோம். மதிவதனின்னு எம் பொண்டாட்டி, ஸ்பின்னிங் மில்லுல..."

"மில் வேனுல தெனமும் அம்பது பொம்பளைங்க எறங்கறாங்க, யாரன்னு கண்டோம்? ஆதார எடு."

எடுத்துக் கொடுத்தான். அவசரத்தில் கார்டு கீழே விழுந்தது. ஒருவன் எடுத்துப் படித்தான். "காரமடைன்னு போட்டிருக்கு. இவன் இந்த ஊரே இல்ல."

"கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்ததுங்க. இன்னும் மாத்தல."

மதிவதனிக்கு அடித்தான். சுவிட்ச் ஆஃப். சூப்பர்வைசருக்கு அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மிஷின் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? ராசம்மாள் நம்பரோ வீட்டுக்காரர் நம்பரோ அவனிடம் இல்லை. ராசம்மாள் பெயரைச் சொன்னான். ஒருவன் வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வீடு பூட்டிக் கிடக்கிறது என்றான். அவன் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு உண்மையும் பொய்யாகத் திரும்பி வந்தது.

"போலீசக் கூப்புடுங்க," என்று அவனே சொன்னான். "கையெடுத்துக் கும்புடறேன், போலீசக் கூப்புடுங்க."

"கூப்புட்டாச்சு. திருவிழா பந்தோபஸ்துல இருக்கறாங்களாம். வாரதுக்கு நேரமாகும்," என்றார் பேக்கரி மாஸ்டர்.

அதைக் கேட்டுக் கூட்டத்துக்குள் ஒரு முனகல் எழுந்தது. இன்னும் இரண்டு பைக் வந்து நின்றன. பின்னால் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. புள்ள புடிக்கறவன் என்ற வார்த்தை மட்டும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. எங்கிருந்தோ ஒரு கை வந்து கதிரேசன் கன்னத்தில் இறங்கியது. காது குய்யென்றது. அடித்தது யார் என்று அவன் பார்க்கவில்லை. பார்த்தால் அதற்கும் சேர்த்து விழும் என்று தலையைக் குனிந்துகொண்டான். இங்கே, இந்தப் பேக்கரி வாசலில், மதி வேன் இறங்கும் இடத்திலேயே தன்னைக் கிடத்தியிருப்பார்கள், அவள் வந்து பார்ப்பாள் என்று ஒரு படம் கண்ணுக்குள் வந்தது.

"நிறுத்துங்க!" தேஜஸ்ரீ கத்தினாள். அவள் முகமும் வெளுத்திருந்தது. தான் ஆரம்பித்து வைத்தது எங்கே போகிறது என்று அவளுக்கும் புரிந்துவிட்டது. "அடிச்சு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஊடு பக்கத்துலதான்றாரு. போயிப் பாத்தாத் தெரிஞ்சுபோகுது."

"அவன் காட்டற ஊட்டுக்குப் போனா அங்க அவனோட ஆளுங்க இருப்பாங்க," என்றான் கறுப்புச் சட்டை.

"அவரு காட்ட வேண்டாம். கொழந்த காட்டட்டும். அது முன்னாடி நடக்கட்டும், நாம பின்னாடி போலாம். இவரு தொடக் கூடாது, வழி சொல்லக் கூடாது. அது ஊடுதான்னா அது போயிரும்."

கூட்டம் ஒத்துக்கொண்டது. கதிரேசனை இரண்டு பேர் இரண்டு தோளிலும் பிடித்துக்கொண்டார்கள்.

அவனுக்கோ புதுப் பயம் பிடித்துக்கொண்டது. குழந்தைக்கு வழி தெரியுமா? அந்த வீட்டுக்கு வந்தே ஒரு வாரம். மதிவதனி இடுப்பில் உட்கார்ந்து, பாதி நாள் தூங்கிக்கொண்டு வருகிறவள். அதுவும் முதலில் அவள் நடக்க வேண்டுமே.

"ஊட்டுக்குப் போலாமா கண்ணு? வா, வா," என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். சுற்றி நிற்கும் கால்களைப் பார்த்து மிரண்டு, இனியா தேஜஸ்ரீயின் ஸ்கூட்டர் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டாள். முகத்தை முழங்காலுக்குள் புதைத்துவிட்டாள். ஒரு பெண் தூக்கப் போனாள். வீல் என்று அலறினாள்.

"பாத்தியா, ஊடு எங்கன்னே அதுக்குத் தெரியல," என்றது ஒரு குரல்.

"நான் பேசிப் பாக்கட்டுங்களா?" என்றான் கதிரேசன். தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "வழி சொல்ல மாட்டேன். சும்மா பேசறேன்."

தேஜஸ்ரீ தலையாட்டினாள்.

என்ன பேசுவது? குழந்தைகளோடு பேசத் தெரியாதவன் அவன். ஆனால் இத்தனை மாதமாக, அவள் ஒதுங்கிப் போன நேரத்திலெல்லாம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். சாயங்காலம் டிரம் நிரம்பியதும் 'நெம்பிருச்சு' என்று கத்துவது அவள் தனக்கென்று வைத்துக்கொண்ட வேலை. தரையில் உட்கார்ந்தான். பிடித்திருந்த இரண்டு பேரும் அவனோடு குனிந்தார்கள்.

"இனியா," என்றான். "உப்புத் தண்ணி வர்ற நேரமாச்சு கண்ணு. டிரம்முல தண்ணி உழுந்துட்டிருக்கும். அம்மாவும் இல்ல. நெம்பிருச்சுன்னு யாரு சொல்றது?"

இனியா முகத்தை இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"எனக்குச் சொல்லத் தெரியாது. பக்கத்து ஊட்டுப் பையன் வந்து சொல்லிப்போடுவான்."

முழங்காலுக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது. "நானு," என்றாள். "நாந்தான் சொல்லோணும்."

"அப்ப யாராச்சும் போவோணுமே."

இனியா எழுந்தாள். பாவாடையைத் தட்டிக்கொண்டாள். கூட்டம் வழிவிட்டது. ஒரு சின்ன மகாராணி மாதிரி அவள் முன்னால் நடக்க, இருபது முப்பது பேர் பின்னால் நடந்தார்கள். நடுவில் கதிரேசன்.

அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. இனியா நான்கு எட்டு வைப்பாள், நிற்பாள். ஒரு வீட்டு வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டியைப் பார்த்து நின்றாள். கூட்டமும் நின்றது. செருப்பு கழன்று, அதை மாற்றிப் போட்டு, மறுபடி கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். கீழே ஒரு கல்லை எடுத்தாள். அது பிடிக்காமல் வேறு கல்லைத் தேடினாள். அவள் நின்ற ஒவ்வொரு முறையும் தோளில் இருந்த பிடி இறுகியது. வாசல்களில் ஆட்கள் வந்து, என்னங்க, என்னங்க என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார்கள். நட கண்ணு, நட சாமி என்று அவன் உதடு மட்டும் அசைந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

தெரு இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. வலது பக்கம் புது சைட். இடது பக்கம் அவர்கள் போன வாரம் வரை இருந்த பழைய வீடு. இப்போது அதில் வேறு யாரோ இருக்கிறார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை, அக்கம்பக்கம் எல்லாம் குடோன்கள்.

இனியா நின்று யோசித்தாள். பிறகு இடது பக்கம் திரும்பினாள்.

கதிரேசன் அந்தப் பக்கம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். "பேசாத," என்று கழுத்துக்குப் பின்னால் ஒரு கை அழுத்தியது. குழந்தை இடது பக்கத் தெருவில் கல்லை உதைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள். அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். உள்ளே இருந்து ஒருவர் வந்து, இந்தக் குழந்தையைத் தெரியாதே என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

அப்போது ஒரு கேட்டுக்கு அடியிலிருந்து நாய் ஒன்று பாய்ந்து வந்தது. இத்தனை கால்களைப் பார்த்து மிரண்டுபோன நாய், குலைத்துத் தீர்த்தது. இனியா உறைந்து நின்றாள். கையிலிருந்த செருப்பு விழுந்தது. அடுத்த நொடி திரும்பி ஓடி வந்தாள்.

"ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

முன்னால் இருந்த ஒரு பெண், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, "என்ன கண்ணு?" என்று கையை நீட்டினாள். இனியா அவளைத் தாண்டி ஓடினாள். தேஜஸ்ரீயைத் தாண்டினாள். கறுப்புச் சட்டையின் கால்களுக்கு நடுவில் நுழைந்து வந்து, கதிரேசனின் பேண்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நாயி! தூக்குங்க! ஏனுங்க!"

அவன் கையைத் தூக்கவில்லை. தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே. இரண்டு கையும் உடம்போடு ஒட்டி நிற்க, குழந்தை அவன் காலைப் பிடித்து ஏறப் பார்த்தாள்.

தேஜஸ்ரீ வாயில் கையை வைத்துக்கொண்டாள். "கடவுளே," என்றாள். "அவங்கம்மா இவர அப்படித்தானுங்க கூப்புடுவாங்க. அதக் கேட்டுத்தான் இதும் கூப்புடுது. எம் பையனும் பேச ஆரம்பிச்சப்ப அவங்கப்பாவ ஏனுங்கன்னுதான் கூப்புட்டுட்டிருந்தான்." பிறகு கதிரேசனைப் பார்த்து, "தூக்குங்கண்ணா. ஐயோ, தூக்குங்க," என்றாள்.

தூக்கினான். இனியா அவன் கழுத்தை நெரிப்பது போலக் கட்டிக்கொண்டாள். அவளுடைய இதயம் அவன் நெஞ்சில் குருவி மாதிரி துடித்தது. அவனுடையதும்.

"நாய்க்குப் பயந்தா கொழந்த யாரன்னாலும் புடிக்கும்," என்றான் கறுப்புச் சட்டை. ஆனால் குரலில் பழைய சூடு இல்லை. "எறக்கி உடச் சொல்லுங்க. ஊட்டக் காட்டட்டும்."

கதிரேசன் இறக்கப் பார்த்தான். "எறங்கு கண்ணு, நடந்து காட்டு கண்ணு," என்று கெஞ்சினான். அவன் தூக்கினால் வில்லாக வளைகிற குழந்தை இப்போது அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது.

"இனி என்ன வேணும் உனக்கு?" என்று தேஜஸ்ரீ கறுப்புச் சட்டைக்காரன் மேல் பாய்ந்தாள். "அந்தப் போன அணை மொதல்ல. எடுத்த வீடியோவ என் கண்ணு முன்னால அழி."

தோளில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக எடுபட்டன.

வலது பக்கம் திரும்பி வீடு வரைக்கும் பாதிக் கூட்டம்தான் வந்தது. வீட்டுக்காரர் தனபால் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னங்க கதிரேசன், பாப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சா? இத்தன பேரு?" என்று பதறிக்கொண்டு இறங்கினார்.

அவ்வளவு போதுமாக இருந்தது. கூட்டம் கரைந்துபோனது. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கறுப்புச் சட்டைக்காரன் மட்டும் ஆதார் கார்டைத் திருப்பிக் கொடுத்து, "இந்தக் காலத்துல யாரைங்க நம்பறது? தப்பா எடுத்துக்காதீங்க," என்றான். அந்த 'ங்க'வைக் கேட்டதும் கதிரேசன் கார்டை வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். தேஜஸ்ரீ கடைசிவரை நின்றாள். குழந்தையின் செருப்பை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் போனாள்.

பின்கட்டில் டிரம் நிறைந்து தண்ணீர் வழிந்து வாசல் வரை ஓடியிருந்தது. அதைப் பார்த்து இனியா அழுதாள். கதிரேசன் அரை டிரம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறையும்போது அவள் சொல்லட்டும் என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் அவன் உடம்பு உதற ஆரம்பித்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே முடியவில்லை.

மதிவதனி வந்ததும் அவன் கன்னத்தைத்தான் முதலில் பார்த்தாள். அவன் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "யாரு அடிச்சதுன்னு காட்டுங்க, நான் போயிக் கேக்கறேன்," என்று எழுந்தவள், வாசல் வரை போய்விட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். "இனி நீங்க போற வேலையே வேண்டாங்க. எப்பவும் போல நானே போயிக் கூட்டிட்டு வாரேன்."

"வேண்டாம் மதி," என்றான். "நானே போறேன்." ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. இப்போது போகாவிட்டால் அந்தத் தெருவில் இனி எப்போதும் நடக்க முடியாது என்று தோன்றியிருக்கலாம்.

மறுநாள் வேலை முடிந்து குளித்து, தாடியை எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போனான். ராசம்மாளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. "நானும் கூட வரட்டுங்களா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் என்றான். இனியா தெருவின் அந்த ஓரத்தில் நடந்தாள், அவன் இந்த ஓரத்தில். நேற்று கழுத்தைக் கட்டிக்கொண்டவள் இவள்தானா என்று இருந்தது.

பேக்கரி முனை வந்தது. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இனியா வேன் வரும் பக்கம் பார்த்தாள். புழுதியில் சப்பென்று உட்கார்ந்தாள்.

"அம்மா வருவா," என்றாள்.

கதிரேசனுக்கு எல்லார் கண்ணும் தன் முதுகில் இருப்பது தெரிந்தது. தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அவன் ஓடவில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு அவள் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்தான்.

"வருவா," என்றான். "நாமளும் பாக்கலாம்."